வெள்ளை வேட்டியும் ஹீட் மீட்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவும் ஜீப்பில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரை ஒரு தடவை பார்த்துக்கொண்டே ஏறினேன். குனியவில்லை, கையை வைத்து நிழல் கட்டவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை ஒரு நொடி எடுத்தால் முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. மீட்டர்களை என் பக்கம் திருப்பி வைக்கிற இந்த வேலைக்கு மூன்று மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு மீட்டர் செத்தது, ஒரு செட் ஸ்டாண்டு வெயிலில் உருகித் தொங்கியது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி பழைய மஹிந்திரா எம்எம் 540. 2112 சிசி பீஜோ டீசல் இன்ஜின். டேஷ்போர்டு என்றால் வெறும் தகரம்தான், செங்குத்தாக நிற்கும். முந்தைய ஓனர் அதன் நடுவில் 52 மி.மீ. அளவில் மூன்று ஓட்டை போட்டு ஹீட் மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர், வோல்ட் மீட்டர் மூன்றையும் பொருத்தியிருந்தார். நல்ல மனுஷன், நல்ல மீட்டர்கள். ஆனால் மூன்றும் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஓட்டுகிறவன் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பே அவற்றுக்கு இல்லை.

பொங்கலுக்கு மறுநாள் பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பினேன். ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை முழுசாகத் தெரிகிற இடத்தில், எல்லோரும் செல்ஃபி எடுக்க நிறுத்துவார்கள். நாங்கள் ஆவி அடித்து நின்றோம். ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. ஹெட்டை இறக்கி, லேத்தில் முகம் சீவி, கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து ரூ.14,200. மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி, "மீட்டர் பாக்கலீங்களா?" பார்த்தேன். பார்த்தபோது மீட்டர் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததே தவிர முள் தெரியவில்லை.

அந்த வெள்ளை என்ன என்று கண்டுபிடித்ததுதான் இந்த வேலையிலேயே உருப்படியான காரியம். பழைய பவுடர் டப்பாவிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியைப் பெயர்த்து, டபுள் டேப் போட்டு ஹீட் மீட்டர் முகத்தில் ஒட்டினேன். மீட்டர் கண்ணாடியில் மங்கலாக விழும் பிம்பம் இதில் தெளிவாகத் தெரியும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அதில் இடது சீட்டில் இருப்பவரின் மடி தெரிகிறது. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகிற ரோடு பெரும்பாலும் தெற்கே போகும். காலையில் வெயில் இடது பக்கத் திறப்பு வழியாக நேராக அந்த மடிமேல் விழும். பெரியப்பா எப்போதும் வெள்ளை வேட்டி. ஆக, ரூ.14,200 செலவுக்குக் காரணம் சலவை வேட்டி.

அவரிடம் இதைச் சொன்னேன். "அதுக்காக நான் லுங்கி கட்டிட்டு வர முடியுமாடா?" என்றார். நியாயம்தான்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மீட்டர் தாழ்வாக இருக்கிறது, கண் மேலே இருக்கிறது, அதனால் மீட்டரை மேலே பார்த்துச் சாய்க்க வேண்டும் என்று நினைத்தேன். அட்டைப் பெட்டியை வெட்டி 25 டிகிரிக்கு ஆப்பு மாதிரி செய்து, அதன்மேல் கண்ணாடியை ஒட்டிப் பார்த்தேன். மடி போயிற்று. பதிலுக்கு இடது பக்கப் பின் திறப்பும் அதற்கு அப்பால் ஆகாயமும் வந்தன. வேட்டியே தேவலை.

அப்புறம் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து, மேலே சாய்க்காமல் வலது பக்கம் மட்டும் திருப்புகிற மாதிரி 15, 20, 25 டிகிரி ஆப்புகள் வெட்டினேன். மேல் சாய்வு என்றால் போனை வைத்தே அளந்துவிடலாம். பக்கவாட்டுத் திருப்பத்துக்குப் போன் உதவாது, பாகைமானிதான். நடு மீட்டர் என் மூக்குக்கு நேர்க்கோட்டிலிருந்து 350 மி.மீ. இடது பக்கம் தள்ளி இருக்கிறது. டேஷிலிருந்து கண் 700 மி.மீ. பின்னால், 380 மி.மீ. மேலே. முகத்தை நேராகக் கண்ணுக்கே காட்ட வேண்டுமானால் மொத்தம் 36 டிகிரி சாய்க்க வேண்டும். அதற்குச் செய்கிற குழாயின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட 46 மி.மீ. நீளும். டேஷில் பீரங்கி வைத்த மாதிரி இருக்கும்.

அவ்வளவு தேவையே இல்லை. நடு மீட்டரை வலது பக்கம் 20 டிகிரி திருப்பினாலே கண்ணாடியில் இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிந்தது. அங்கே கறுப்பு ரப்பர் மேட்டும் நிழலும்தான். பளபளப்பு போய்விட்டது, எண்களும் போதுமான அளவு நேராகத் தெரிந்தன. மேல் சாய்வு சைபர். கீழே பார்க்கிற பிம்பம் கீழேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோணம் கிடைத்துவிட்டது, இனி செய்ய வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். அக்கா பையன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, டிராயிங் குடுங்க, த்ரீடி பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்றான். பழைய ஓட்டைகளின் அளவையே கொடுத்தேன், ஓட்டைக்கு ஓட்டை 75 மி.மீ. மூன்று கறுப்புக் கிண்ணங்கள் வந்தன, அழகோ அழகு. பிளாஸ்டிக்குக்கு மட்டும் ரூ.300 கொடுத்தேன். மாட்டி ஒரு வாரம் ஓட்டினேன். அதில் இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று, மறைப்பு. வலது பக்கம் திருப்பிய கிண்ணத்தின் இடது தோள்பட்டை மேலே எழும்பி நிற்கும். அது அடுத்த மீட்டரின் வலது ஓரத்தை மறைத்தது. கல்யாண வீட்டில் முன் வரிசை ஆளின் தலைக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரி நடு மீட்டரில் பாதி எண்கள் காணோம். இடைவெளி 90 மி.மீ. இருந்தால் பார்வை தாண்டிப் போகும் என்று அட்டை வைத்துப் பார்த்துக் கண்டுகொண்டேன்.

இரண்டாவது, சித்திரை வெயில். வண்டியைச் சந்தைப் பக்கம் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் மூன்று மீட்டரும் தலை குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன. பையன் போட்டது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். அது 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். வெயிலில் நின்ற ஜீப்பின் தகர டேஷில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு புதிதல்ல. அவன்மேல் தப்பில்லை, எங்கே மாட்டப் போகிறேன் என்று நான் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு அப்புறம்தான் பிளம்பர் தம்பியிடம் போய் நின்றேன். 63 மி.மீ. பிவிசி பைப், மிச்சத் துண்டு, காசு வாங்கவில்லை. அதற்கு மாட்டுகிற எண்ட் கேப் மூன்று, ஒன்று ரூ.35. கேப் வாங்கும்போது முகம் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், சிலது குவிந்திருக்கும். யோசனை இதுதான்: கேப்பின் முகத்தில் 52 மி.மீ. ஹோல்சா (டிரில்லில் மாட்டி வட்ட ஓட்டை அறுக்கும் வாள்) போட்டால் மீட்டர் அதில் கச்சிதமாக உட்காரும், விளிம்பு கேப்பின்மேல் படியும். பைப்பின் அடிப்பக்கத்தை 20 டிகிரிக்குச் சாய்வாக வெட்டி டேஷில் நிறுத்த வேண்டும். கேப்பை பைப்பில் செருகினால் முடிந்தது. கழற்றவும் சுலபம், திருப்பவும் சுலபம்.

உருண்டைக் குழாயைச் சாய்வாக வெட்டுவது பார்க்கத்தான் சுலபம். முதல் துண்டைக் கண் மதிப்பில் ஆக்ஸா பிளேடு போட்டு அறுத்தேன். டைல்ஸ் மேல் நிறுத்தினால் மூன்று கால் நாய் மாதிரி ஆடியது. இரண்டாவதற்குக் காகிதம் சுற்றிக் குறித்தேன். சுற்றளவு 198 மி.மீ. அதை எட்டாக மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் உயரம் குறித்து வளைகோடாக இழுக்க வேண்டும். குட்டைப் பக்கத்திலிருந்து 8, 11.4, 19.5, 27.6, நெட்டைப் பக்கம் 31 மி.மீ.; திரும்பி வரும்போது அதே எண்கள் தலைகீழாக. இது சரியாக வந்தது. ஆனால் காகிதம் நழுவாமல் பிடிக்க மூன்று கை வேண்டும்.

பக்கத்துப் பட்டறை ஆசாரி ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங்க தம்பி, தண்ணீல சாச்சு வெச்சுப் பாக்கறதுதானுங்க" என்றார். புரியவில்லை. பக்கெட்டில் தண்ணீர் எடுத்து, அதில் சொட்டு நீலம் கொஞ்சம் கூடவே விட்டு, பைப்பை நெட்டுக்குத்து நிலையிலிருந்து 20 டிகிரி சாய்த்து அசையாமல் இறக்கித் தூக்கச் சொன்னார். தண்ணீர் மட்டம் எங்கே நின்றதோ அங்கே நீலக் கோடு. அதுதான் வெட்டுக் கோடு. காகிதமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். வழவழப்பான பைப்பில் நீலம் ஒட்டாது, முன்னமே உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். சாய்வு மாறாமல் பிடிக்க, 20 டிகிரிக்கு அறுத்த ஒரு மரக்கட்டையைப் பக்கெட் விளிம்பில் கட்டி அதில் பைப்பைச் சாய்த்தேன். மூன்றாவது துண்டு அரை மி.மீ. பிசகு இல்லாமல் வந்தது. வெட்டியதைத் தரை டைல்ஸில் 80 நம்பர் உப்புத்தாள் விரித்துத் தேய்த்துச் சமன் செய்தேன்.

இனி இந்த மூன்று குழாயையும் எதில் நிறுத்துவது? போர்டு எழுதும் கடையில் ஏசிபி ஷீட் (நடுவே பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு) மிச்சம் கிடைத்தது. அதில் எபாக்சி பசை வைத்து ஒட்டினேன். பளபளப்பான பிவிசியைச் சுரண்டாமல் ஒட்டிய என் அவசரம்தான் காரணம், நாலாம் நாள் தோட்டத்து மண் ரோட்டில் ஒன்று கழன்று கியர் ராடுமேல் விழுந்தது. பிவிசிக்குப் பிவிசிதான் சொந்தம். சால்வென்ட் (பிவிசி பைப் ஒட்டும் பசை) போட்டால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். தகடாகப் பிவிசி எங்கே போவது? 110 மி.மீ. பைப்பில் 100 மி.மீ. நீளம் அறுத்து, நீளவாக்கில் ஒரு கோடு பிளந்து, வெளியே வாசலில் கேஸ் அடுப்புக்கு ஒரு சாண் மேலே பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். துணி மாதிரி தொளதொளத்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். கால் மணி நேரத்தில் 345க்கு 100 அளவில் தட்டையான தகடு. இதை வீட்டுக்குள் செய்ய வேண்டாம். கொஞ்சம் கருகினாலும் வருகிற புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். பழுப்பு நிறம் தட்ட ஆரம்பித்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

தகட்டை 290க்கு 95 ஆக அறுத்து, 90 மி.மீ. இடைவெளியில் மூன்று குழாயையும் சால்வென்ட் வைத்து நிறுத்தி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டேன். இப்போது இழுத்துப் பார்த்தால் டேஷே பெயர்ந்தாலும் குழாய் வராது. தகட்டை டேஷோடு ஒட்டவில்லை, நாலு மூலையில் எம்5 போல்ட்.

மீட்டரின் முதுகு சாய்வாக உள்ளே போக டேஷ் ஓட்டைகளைப் பெரிதாக்க வேண்டும், அது தனித் தலைவலி. ஏற்கெனவே 52 மி.மீ. ஓட்டை இருக்கும் இடத்தில் 60 மி.மீ. ஹோல்சாவின் நடு பிட்டுக்குப் பிடிமானமே கிடையாது, துள்ளும். ஒரு பிளைவுட் துண்டில் முதலில் 60 மி.மீ. ஓட்டை போட்டு, அதை டேஷ்மேல் கிளாம்ப் செய்து, நடு பிட்டைக் கழற்றிவிட்டு, பிளைவுட் ஓட்டைக்குள் ஹோல்சாவை இறக்கினேன். மெதுவாகப் போனால் துள்ளாது. மீதியை அரம் போட்டு ராவினேன். இரண்டு சாயங்காலம் போயிற்று.

சாய்த்து வைக்கும் மீட்டர் எங்கேயெல்லாம் நகரும் என்பதை நான் யோசிக்கவில்லை. முகம் வலது பக்கம் 7 மி.மீ. தள்ளி வந்தது. அதனால் வலது ஓரக் கேப் ஹெட்லைட் சுவிட்ச் குமிழை உரசியது. முதுகு அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் ஓடும், பின்னால் 45 மி.மீ. நீளத்துக்கு 15 மி.மீ. இடது பக்கம். குமிழைச் சின்னதாக மாற்றிவிட்டேன். முதுகு பக்கம்தான் செலவு வைத்தது.

என்னுடைய ஹீட் மீட்டர் வயர் இல்லாத மெக்கானிக்கல் வகை. இன்ஜினில் செருகும் பல்பிலிருந்து (விளக்கு பல்பு அல்ல, சூட்டை உணரும் உலோகக் குமிழ்) மீட்டர் வரை தலைமுடி ஓட்டை உள்ள செம்புக் குழாய் ஒன்று ஓடும். அதை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. உள்ளே இருப்பது கசிந்தால் மீட்டர் குப்பை. சாய்ந்த முதுகிலிருந்து அந்தக் குழாய் வெளியே வரும் இடம் டேஷுக்குப் பின்னால் இருந்த விறைப்புத் தகட்டின் விளிம்பில் சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்கும் எட்டவில்லை. இரண்டு வாரம் அதிர்ந்து அதிர்ந்து குழாய் தேய்ந்தது. ஒரு நாள் முள் கீழே விழுந்து படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. புது மீட்டர் ரூ.950. இந்தத் தடவை குழாயை முதலில் ஒரு பெரிய வட்டம் சுற்றவிட்டு, ரப்பர் டியூப் போர்த்தி, விளிம்பிலும் ரப்பர் பீடிங் ஏற்றிய பிறகுதான் மாட்டினேன். மாட்டுவதற்கு முன் பழைய சோற்றுப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து பல்பை அதில் தொங்கவிட்டேன். 98 காட்டியது. நம்ம ஊர் உயரத்துக்கு அது போதும்.

அடுத்தது விளக்கு. எல்லாம் மாட்டி ராத்திரி ஹெட்லைட் போட்டால் மூன்று மீட்டரிலும் விளக்கு இல்லை, வோல்ட் மீட்டரும் அசையவில்லை. ஃபியூஸ் பார்த்தேன், பல்பு பார்த்தேன், அரை மணி நேரம் வயரைக் குடைந்தேன். அப்புறம்தான் உறைத்தது. முன்பு மீட்டரின் உடம்பு தகர டேஷைத் தொட்டு எர்த் வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது சுற்றிலும் பிவிசி. மூன்றின் பின்னாலும் ஒரு கறுப்பு வயர் கோத்து பாடியில் திருகியதும் எல்லாம் எரிந்தன, வோல்ட் மீட்டர் 14க்கு ஏறி நின்றது.

மீட்டரைப் பின்னாலிருந்து பிடிக்கும் யு கிளாம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பாதங்கள் அகலமாக வளைந்திருக்கும். 63 பைப்பின் உள் அளவு 59 மி.மீ. தான், பாதம் உள்ளே போகாது. அரத்தால் ராவிக் குறுக்க வேண்டியிருந்தது. ஆயில் மீட்டரின் பழைய நைலான் குழாயையும் இதே சாக்கில் செம்புக்கு மாற்றினேன்.

கேப் திரும்பும் என்பதால் ஒரு வசதி செய்துகொண்டேன். வண்டி ஒழுங்காக ஓடும்போது மூன்று முள்ளும் நேராக மேலே பார்க்கிற மாதிரி மீட்டர்களையே திருப்பி வைத்தேன். ஹீட் 85, வோல்ட் 14, ஆயில் என் இன்ஜினுக்கு வழக்கமான இடம். எண்ணைப் படிக்கவே வேண்டாம். மூன்று முள்ளும் நிமிர்ந்து நின்றால் நிம்மதி, ஒன்று சாய்ந்தால் என்ன என்று பார்க்கலாம். எழுத்துகள் என்னவோ கோணல்மாணலாகத்தான் தெரியும். பெரியப்பா பார்த்துவிட்டு, "ஏன்டா, இத்தனை நாள் பண்ணி கோணலா மாட்டி வெச்சிருக்கறே?" என்றார்.

செலவு, எனக்கு நினைவிருக்கிற வரை: கேப் மூன்று ரூ.105, ஹோல்சா 52 ரூ.280, ஹோல்சா 60 ரூ.320, சால்வென்ட் ரூ.60, பளபளப்பு இல்லாத கறுப்பு ஸ்பிரே ரூ.240, புது ஹீட் மீட்டர் ரூ.950, வயர், போல்ட், ரப்பர் வகையறா ரூ.210. ஆகமொத்தம் ரூ.2,165. பிஎல்ஏ கிண்ணத்துக்குக் கொடுத்த 300 தனி. மீட்டரைச் சாகடிக்காமல் இருந்திருந்தால் 1,215க்கு முடிந்திருக்கும்.

திரும்பச் செய்வதானால் மூன்றுக்கும் ஒரே கோணம் வைக்க மாட்டேன். நடு மீட்டருக்குப் பார்த்த 20 டிகிரியையே எல்லாவற்றுக்கும் வெட்டிவிட்டேன். எனக்கு மிக அருகில் இருப்பது ஹீட் மீட்டர். அது 20 டிகிரி திரும்பியதில் இப்போது அதில் என்னுடைய மடி தெரிகிறது. பேன்ட் போட்டால் பிரச்சினை இல்லை, கறுப்பாகத்தான் இருக்கும். வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வண்டி எடுத்தபோதுதான் தெரிந்தது. பவுடர் டப்பாக் கண்ணாடியை மறுபடி ஒட்டிப் பார்த்தேன். அதற்கு 12 டிகிரி போதும், இடது ஓர மீட்டருக்கு 24 வரை போகலாம். அளந்தது ஒரு மீட்டருக்கு, வெட்டியது மூன்றுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் முள் 95 வரை போயிற்று. அட்டகட்டியில் நிறுத்தி டீ குடித்துவிட்டுப் பார்த்தால் 85க்கு இறங்கியிருந்தது. ஒன்பதாவது வளைவில் இந்தத் தடவை நிற்கவே இல்லை. வரையாடு ரோட்டோரம் நின்றதற்கு மட்டும் வேகம் குறைத்தேன். கேப் திரும்பாமல் இருக்க பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ போட வேண்டும் என்று நினைத்து நினைத்து போடாமலே விட்டிருந்தேன். இறங்கி வரும்போது அதிர்ச்சியில் வோல்ட் மீட்டர் கேப் மெல்லத் திரும்பி, எழுத்து நேராகவும் முள் சாய்ந்தும் வந்து நின்றது. பெரியப்பா அதைத் தட்டிக் காட்டி, "இப்பத்தான்டா இது நேரா இருக்குது" என்றார்.